வுப்பர்டாலில் வெட்டக் கூடாத புல்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. பதினாறு வருடங்களாகப் பிரதேச சபையின் புல் வெட்டும் இயந்திரத்தைப் பிடித்த கை இது. இயந்திரத்தை நிறுத்தினாலும் நடுக்கம் நிற்பதில்லை, பேனாவுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. படித்ததோ ஐந்தாம் வகுப்பு வரை. ஆகவே எந்த எழுத்து எங்கே வரும் என்பதை வாசிகசாலைத் தம்பிமார்தான் பார்த்துத் திருத்தவேண்டும். ஜெர்மனிக்குப் போய் வந்தவன் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று மூன்று முறை வீட்டுக்கு வந்து கேட்டவர்கள் அவர்களே. ஆட்களுக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

போன காரணம் என் மூத்த அக்காவின் முழங்கால். வுப்பர்டால் என்ற ஊரில் இருக்கிறார். அத்தான் காலமாகி நான்கு வருடம். மகள் சிந்து ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். பகலில் வீட்டில் ஆள் இல்லை. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தபின், "ஒரு மாதம் வந்து துணைக்கு நில்லடா" என்று அக்கா கூப்பிட்டார். சபையில் லீவு கேட்கப் போனபோது நான் வாயைத் திறக்கும் முன்பே மேற்பார்வையாளர் கையெழுத்து வைத்துவிட்டார். நான் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. அந்த ஆச்சரியமாக இருக்கலாம்.

சனிக்கிழமை சிந்து என்னை அந்த ஊரின் தொங்கும் ரயிலில் ஏற்றினாள். தண்டவாளம் மேலே, பெட்டி கீழே. பகலில் வௌவால் தொங்குவதுபோல் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிறது. வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தபோது நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு குழந்தை கடலை தின்றுகொண்டிருந்தது. கீழே தண்ணீர் தெளிவாக ஓடியது; கல் தெரிந்தது. ஒரு காலத்தில் சாயத் தொழிற்சாலைகள் எந்தச் சாயத்தைக் கொட்டினவோ அந்த நிறத்தில் ஆறு ஓடியதாம். இப்போது கொக்கு நிற்கிறது. எதிரில் இருந்த கிழவி தன் கணவரின் தோளை இடித்து ஏதோ சொன்னார். சிந்து சிரித்தபடி எனக்குச் சொன்னாள்: "இவ்வளவு வருஷமா யன்னல் பக்கம் நீங்கதான் இருந்தனீங்கள். இண்டைக்குக் கொக்குப் பார்க்க நான் இருக்கப்போறன், எழும்புங்கோ எண்டு சொல்லுறா." கிழவர் முணுமுணுத்துக்கொண்டு எழும்பினார்.

ஞாயிறு காலை கல்லுப் போன்ற சின்னச் சின்னப் பாண்களைத் தந்தார்கள். வெளியே முறுகல், உள்ளே பஞ்சு. இரண்டு தின்றபின் வாயின் மேல்பக்கம் கீறிவிட்டது. ஆனாலும் மூன்றாவதையும் எடுத்தேன். அன்று ஊரே சத்தமில்லாமல் இருந்தது. ஞாயிறுகளில் சுவரில் ஆணி அடித்தாலும் அயலார் கோபிப்பார்கள் என்று அக்கா சொன்னார். எங்கள் ஊரில் ஞாயிறுகளில்தான் எல்லா ஒலிபெருக்கிகளும் உயிர் பெறும்.

அக்காவின் வீடு நான்காம் மாடியில். மின்தூக்கி கிடையாது. பல்கனியில் நின்று பார்த்தால் கட்டடத்துக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் தெரிந்தது. எங்கள் காணிக் கணக்கில் அரைப் பரப்பு, ஒரு சின்ன வீடு கட்டும் அளவு இருக்கும். இடுப்பளவு புல். அதற்குள் வெள்ளையும் நீலமும் சிவப்புமாகப் பூக்கள்.

"அது என்ர நிலம், தம்பி" என்றார் அக்கா.

"வாங்கினீங்களோ?"

"வாங்கிறதோ? இந்த ஊரில காணி வாங்க நான் என்ன ராசாத்தியோ? நகரசபையின்ர நிலம். பார்க்கிற பொறுப்பு எனக்கு. அந்தப் பலகையில என்ர பேர் போட்டிருக்கு, தெரியுதோ?"

தன் நிலங்களில் சின்னச் சின்னத் துண்டுகளை அந்த நகரசபை விரும்பிய குடிமக்களிடம் கவனிக்கக் கொடுக்கிறது. சம்பளமும் இல்லை, வாடகையும் இல்லை. விதையும் ஆலோசனையும் சபை தரும், உழைப்பு நம்முடையது. அத்தான் காலமான வருடம் அக்கா விண்ணப்பம் எழுதிப்போட்டுப் பெற்றிருக்கிறார்.

"முப்பது வருஷம் மற்றவையின்ர ஒஃபீசுகள் கூட்டித் துடைச்சன். ஒரு கதவிலயும் என்ர பேர் இருந்ததில்லை. இதிலதான் இருக்கு" என்றார். பிறகு குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நகரசபைக்காரி வாறா. டெர்மின் எண்டு நேரமும் குறிச்சாச்சு. கீழ்வீட்டு வெபர், காடு பிடிச்சுக் கிடக்கு, காருகள் விட இடமாக்குங்கோ எண்டு கடிதம் எழுதிப்போட்டுது. எனக்கும் கால் ஏலாது. டொக்டரிட்டப் போகத்தான் இறங்கினது. நிலத்துக்குப் போய் மூண்டு மாதம். அவ வந்து பார்த்திட்டு, உங்களால ஏலாது எண்டு எடுத்திட்டா எண்டால் எனக்குப் பிறகு இந்த நாலு சுவர்தான்."

நான் அந்தப் புல்லை மேலேயிருந்து அளந்து பார்த்தேன். மனதுக்குள் ஒரு திட்டம் ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமை அக்கா என்னைச் சந்தைக்கு அனுப்பினார். வெள்ளை நிறத்தில் விரல் போன்ற ஒரு தண்டு வாங்கவேண்டும். அது கொஞ்சக் காலம்தான் கிடைக்குமாம். பிறகு சமைத்துத் தின்றபோது முருங்கைக்காயைச் சக்கையில்லாமல் தின்றதுபோல் இருந்தது. சக்கை இல்லாததால் சப்புவதற்கும் ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஏமாற்றம்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பிரச்சினை. இறங்குவதற்குக் கம்பியில் உள்ள பொத்தானை அழுத்தவேண்டும். சிந்து சொல்லித்தான் இருந்தாள். ஆனால் அழுத்தினால் மணி அடிக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வேறு யாராவது அழுத்துவார்கள் என்று இருந்தேன். ஒருவரும் அழுத்தவில்லை. அக்காவின் வீடு யன்னலில் வந்தது, போனது. பஸ் மலை ஏறிக் கடைசித் தரிப்பில் நின்றது. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அங்கேதான் வேலை இருப்பவன்போல் கம்பீரமாக இறங்கிவிட்டேன்.

அந்தப் பிழையால் வந்த நடை என் பயணத்தின் நல்ல நேரங்களில் ஒன்று. இறங்கும் வழி முழுக்க மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு சின்னத் தகடு, அதில் இலக்கம். மனிதருக்கு அடையாள அட்டை இருப்பதுபோல் அங்கே மரங்களுக்கும் இருக்கிறது. ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. பாதையை மறித்த துண்டை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருந்தார்கள். ஆட்கள் உட்காரும் வாங்கில்களுக்குப் பின்னால் புல் முழங்காலுக்கு மேல் நின்றது. இங்கேயும் ஆள் பற்றாக்குறைதான் போலும் என்று எண்ணி எனக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது.

கீழே வீதியோரத்தில் இரண்டு சபைத் தொழிலாளிகள் தண்ணீர் வண்டியோடு நின்றார்கள். இளம் மரங்களின் அடியில் பச்சைப் பை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், கன்றுகளுக்குச் சாரம் உடுத்திவிட்டதுபோல. பையில் தண்ணீர் நிரப்பினால் அடியில் உள்ள சிறு துளைகளால் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்குமாம். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவன் என்னிடம் ஏதோ கேட்டான். எதற்கென்று தெரியாமல் தலையாட்டினேன். குழாயை என் கையில் தந்துவிட்டான்! நான்கு மரங்களுக்குத் தண்ணீர் நிரப்பினேன். அவர்கள் பாணில் பாதியை எனக்குத் தந்தார்கள். மூன்று பேரும் வண்டியின் நிழலில் இருந்து தின்றோம். பேச்சு இல்லை, தேவையும் இல்லை. சபை வேலைக்காரர் எந்த நாட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே மாதிரித்தான் காலை நீட்டுகிறார்கள்.

புதன்கிழமை விடியற்காலை என் திட்டத்தைத் தொடங்கினேன். எங்கள் ஊரில் தவிசாளரோ பெரிய அதிகாரியோ வருகிறார் என்றால் முதல் வேலை புல் வெட்டுவது. ஒரு இடம் கவனிக்கப்படுகிறது என்பதற்கு வெட்டிய புல்தான் சாட்சி. அக்காவின் நிலத்தைப் பார்க்க ஆள் வருகிறது. நிலமோ காடாகக் கிடக்கிறது. தம்பி பதினாறு வருடம் இதே தொழில் செய்பவன். இதற்கும் மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

கட்டடத்தின் நிலவறையில் அக்காவின் சாமான்களோடு ஓர் அரிவாளும் தீட்டுக்கல்லும் இருந்தன. நன்றாகத் தீட்டினேன். பலகையில் தேனீப் படம் போட்டு ஏதோ எழுதியிருந்தது. தேனீ கொட்டும், கவனம் என்று எழுதியிருக்கிறார்கள் என எண்ணிக் கவனமாகவே வெட்டினேன். ஓர் ஓரத்தில் தொட்டால் கடிக்கும் எங்கள் காஞ்சோன்றியின் உறவுக்காரச் செடி ஒன்று கையைப் பதம் பார்த்தது. நிலத்தில் ஒரு பொந்துக்குள் கறுப்பும் மஞ்சளுமாக மயிர் அடர்ந்த குண்டுத் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன. அதைச் சுற்றி ஒரு வட்டம் விட்டேன். குடியிருக்கும் பொந்தை நான் எங்கேயும் வெட்டுவதில்லை. வெட்டிய புல்லை நுனிகள் ஒரே பக்கம் பார்க்க வரிசையாகப் போட்டேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு இயந்திரச் சத்தமில்லாமல் புல் வெட்டினேன். பறவைகள் பேசுவதுகூடக் கேட்டது. மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும்.

"டேய் தம்பி! நில்லடா! கையை எடடா!"

நான்காம் மாடிப் பல்கனியில் அக்கா. அந்தக் குரலில் கட்டடத்தின் யன்னல்கள் எல்லாம் திறந்தன. நான் அரிவாளோடு கையை மேலே தூக்கியபடி நின்றேன்.

கீழ்வீட்டிலிருந்து முதலில் ஓடி வந்தவர் வெபர்தான். எழுபது வயது, பெரிய உடம்பு, வீட்டு உடுப்பு. என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே ஓடிப்போய் ஒரு துண்டு கேக் கொண்டுவந்து தந்தார். புளிப்பான ஏதோ தண்டு போட்ட கேக், நல்ல ருசி. ஆனால் அந்த நிலத்தை இல்லாமல் செய்யக் கடிதம் எழுதிய மனிதரே என்னைப் பாராட்டுகிறார் என்று விளங்கியபோது மிச்சத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

மேலே அக்கா ஏசவில்லை. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். சிந்துதான் பேசினாள்.

"மாமா, அது வெட்டாம விட்ட புல்லு இல்லை. வளர்த்த புல்லு. விதை போட்டு, களை பிடுங்கி, மூண்டு வருஷம். தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் எண்டுதான் சபை இப்பிடி விடச் சொல்லுறது. அந்தப் பலகையில அதுதான் எழுதியிருக்கு."

மலையில் கண்ட உயர்ந்த புல்லும் விழுந்து கிடந்த மரமும் அப்போதுதான் எனக்கு விளங்கின. ஆள் பற்றாக்குறை இல்லை. யோசித்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

"வெபர் வெட்டினது எண்டு சொல்லுவமோ அம்மா?" என்றாள் சிந்து.

"பொய் சொல்லி வைச்சிருக்கிற நிலம் எனக்கு வேண்டாம்" என்றார் அக்கா. "தம்பியையும் இழுக்காதை. அவன் ஆக்களுக்கு முன்னால நிக்கமாட்டான். நான்தான் சொல்லி வெட்டுவிச்சன் எண்டு சொல்லுறன்."

அப்படிச் சொன்னால் நிலம் போய்விடும் என்று மூவருக்கும் தெரியும். பார்க்கத் தெரியாதவர் என்று எழுதி எடுத்துவிடுவார்கள். வியாழக்கிழமை கை சும்மா இருக்காமல் கீழே போய், வெட்டிய புல்லைப் புரட்டிப் போட்டேன். வெபர் யன்னலிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் பார்க்காததுபோல் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா கீழே இறங்கினார். வேலைக்கு லீவு போட்ட சிந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒவ்வொரு வளைவிலும் படியில் இருந்து இளைப்பாறி இளைப்பாறி வந்தார். வெபர் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு முன்பே வந்து நின்றார். பத்து மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் சைக்கிளில் சபை அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். சேறு பிடித்த சப்பாத்து, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. எங்கள் ஊரில் அதிகாரி வந்தால் குடை பிடிக்க ஓர் ஆள், கோப்புப் பிடிக்க ஓர் ஆள். இவர் வணக்கம் சொல்லிவிட்டு நேரே போய்ப் புல்லில் குப்புறப் படுத்துவிட்டார்!

நீண்ட நேரம் படுத்திருந்தார். பிறகு தலையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டார். சிந்து சொல்லாமலே எனக்கு விளங்கியது. யார் வெட்டியது?

அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் என் கை மேலே போய்விட்டது, ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கேட்கும்போது தூக்குவதுபோல.

"நான்தான் வெட்டினது" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நானும் சபையில வேலை செய்யிறவன். எங்கட ஊரில பெரிய ஆக்கள் வந்தால் புல்லு வெட்டுவம். நீங்கள் வாறியள் எண்டுதான் வெட்டினன். அக்காவுக்குத் தெரியாது. அக்கா பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டா. பிழை என்ர, நிலத்தை எடுக்காதேங்கோ."

சிந்து ஜெர்மன் மொழியில் சொன்னாள். சபை அம்மா எழும்பி உட்கார்ந்தார்.

"இந்த வட்டத்தை ஏன் விட்டனீங்கள் எண்டு கேக்கிறா."

"உள்ளுக்குக் குடியிருக்கினம்" என்றேன்.

"வெட்டின புல்லை ஏன் வரிசையாப் போட்டுப் புரட்டினனீங்கள்?"

"புரட்டாட்டி அழுகும். காய வைச்சுப் புரட்டினால் விதை தானா நிலத்தில கொட்டும். பிறகு மாட்டுக்குப் போடலாம்." அங்கே மாடு இல்லை என்பது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

சபை அம்மா சிரித்தார். பிறகு கணக்காகப் பேசினார். சிந்து துண்டு துண்டாகச் சொன்னாள். இப்படியான புல்வெளியை ஒரேயடியாக வெட்டுவதில்லை, மூன்றில் ஒரு பங்கு, பிறகு இன்னொரு பங்கு என்றுதான் வெட்டுவார்கள். மிச்சத்தில் பூச்சிகள் ஒதுங்கிக்கொள்ளும். முதல் வெட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவசரப்பட்டதால் அந்தப் பங்கில் இந்த வருடம் வெள்ளைப் பூவின் விதை பாதிதான் விழும், அது நட்டம்தான். அதைச் சொல்லும்போது முகத்தைக் கடுமையாகவே வைத்துக்கொண்டார். ஆனால் பெரிய இயந்திரம் வந்திருந்தால் அந்தப் பொந்து மிஞ்சியிருக்காது என்றும் சொன்னார். நிலம் நல்லாயிருக்கிறது. அக்காவிடமே இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: கால் சுகமாகும்வரை இறங்கி வேலை செய்ய இரண்டாவது பெயர் ஒன்று வேண்டும், பகலில் வீட்டில் இருக்கிறவராக.

எல்லோரும் வெபரைப் பார்த்தோம்.

"நானோ? நான் கடிதம் எழுதினவன்!" என்றாராம்.

"வெட்டின இடத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறவரும் நீங்கள்தானே. செப்டெம்பரில அடுத்த பங்கு இருக்கு" என்றார் சபை அம்மா.

"அப்ப என்ர காரை எங்க விடுறது?"

இதற்கு அக்காவே பதில் சொன்னார், ஜெர்மன் மொழியில், ஊன்றுகோலை நீட்டிக்கொண்டு. சிந்து சிரிப்பை அடக்கமுடியாமல் எனக்குச் சொன்னாள்: "உங்கட கராஜுக்க விடுங்கோ. பத்து வருஷமா அதுக்க படுத்திருக்கிற பழைய சோபாவை முதல்ல எழுப்புங்கோ எண்டு சொல்லுறா."

வெபர் சிவந்துபோனார். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினார், இந்த முறை அரிவாளுக்காக. ஏற்கெனவே வெட்டிய இடத்தின் ஓரத்தில் முயன்றார். தலை வாருவதுபோல் புல்லின் மேல்பக்கத்தைத் தடவினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தி, இழுக்கும் விதத்தைக் காட்டினேன். மூன்றாவது இழுப்பில் ஒரு பிடி புல் சுத்தமாக வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

சிந்து மேலே போய்க் காலையில் சுட்ட வடைகளைக் கொண்டுவந்தாள். ஐந்து பேரும் புல்லோரத்தில் இருந்து சாப்பிட்டோம். சபை அம்மா மூன்று தின்றார். வெபர் ஒன்றுதான் தின்றார். மிளகாய் கடிபட்டுக் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனாலும், நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மிச்ச நாட்கள் பறந்தன. அக்கா ஒவ்வொரு வாரமும் ஒரு மாடி கூடுதலாக இளைப்பாறாமல் நடந்தார். நான் பஸ்ஸில் பொத்தானை அழுத்தப் பழகிவிட்டேன். மணி அடித்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் சிந்து தொலைபேசியில் கூப்பிட்டு அந்த நிலத்தைப் படத்தோடு காட்டினாள். அடுத்த பங்கு வெட்டுகிறார்கள். வெபர் தொப்பி போட்டு, குனிந்து, நான் காட்டிய விதத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தார். பலகையில் அக்காவின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் இருந்தது. அக்கா ஊன்றுகோல் இல்லாமல் பக்கத்தில் நின்றார். வெபர் உற்சாகத்தில் பொந்தைச் சுற்றி விட்டிருந்த வட்டத்துக்குள் அரிவாளை நீட்டினார்.

"டேய்! நில்லடா! கையை எடடா!" என்று அக்கா தமிழிலேயே கத்தினார்.

வெபருக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அரிவாளோடு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார், அன்று நான் நின்றதுபோல. நான் இங்கே தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு கொப்பியை எடுத்து இதை எழுதத் தொடங்கினேன்.

எழுதி முடித்தது: செப்டெம்பர் 21, சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்.